ரயிலோடு ஒரு பந்தயம்

நம் ஊர்த் தெருக்களில் ஓடும் மோட்டார் வண்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் 'ஜி. டி.' என்ற இரண்டு எழுத்துக்கள் வெள்ளி நிறத்தில் பளபளப்பதை நேயர்கள் பார்த்திருக்கக் கூடும். வண்டிக்காரரைக் கேட்டால், "வேகமான வண்டி என்று அர்த்தம்" என்பார். விற்றவரைக் கேட்டாலும் அதற்கு மேல் விளக்கம் கிடைப்பது அரிது. உண்மையில் இவ்விரண்டு எழுத்துக்களும் வேகத்தைக் குறிப்பவை அல்ல, பிரயாணத்தைக் குறிப்பவை. 'கிரான் டூரிஸ்மோ' என்னும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. தமிழில் 'பெரும் பிரயாணம்' என்று சொல்லலாம்.

இந்தப் பெரும் பிரயாணம் மோட்டாருக்கு வெகு காலம் முந்தியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் கடலைத் தாண்டிப் பிரான்ஸுக்குப் போவார்கள். பாரிஸ் நகரத்தில் சில காலம் தங்கி நடையுடை பாவனைகளைக் கற்பார்கள். பிறகு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமாபுரி வரையில் சென்று திரும்புவார்கள். கூடவே ஒரு வாத்தியாரும் போவார். பொருளாதார சாஸ்திரத்துக்குத் தந்தை எனப் போற்றப்படும் அடாம் ஸ்மித், 1764-ம் வருஷம் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் தாம் வகித்த ஆசிரியர் பதவியை உதறிவிட்டு, ஓர் இளம் டியூக்குடன் இப்படித்தான் புறப்பட்டார். அதற்குப் பிரதியாக ஆயுள் முழுவதும் வருஷத்துக்கு 300 பவுன் அவருக்குக் கிடைத்து வந்தது. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம் இந்தச் செய்தியைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டோம் என்றால், நேயர்கள் மன்னிப்பார்கள் என்று நம்புகிறோம்.

நிற்க. பெரும் பிரயாண மோட்டார் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்துக் கொள்வோம். இரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், ஒரு பகல் அல்லது ஓர் இரவு, இடையிலே ஒரு தேசம். இவ்வளவையும் கடந்து போய் இறங்கியதும், முதுகைப் பிடித்துக்கொண்டு படுக்கையைத் தேடாமல், முகம் கழுவிவிட்டு விருந்துக்கு உட்காரக் கூடியவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். பந்தய மோட்டார் இதைவிட வேகமாய்ப் போகும். ஆனால் பெட்டி வைக்க இடமிராது, காதும் செவிடாகும். பிரபுக்களின் பெரிய வண்டி இதைவிடச் சுகமானது. ஆனால் மலைப்பாதை வளைவில் ஆனைபோல் அசையும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதைதான் கிரான் டூரிஸ்மோ. ஆதியில் அந்த வண்டியின் தகுதியை அளந்த அளவுகோல் இன்னொரு மோட்டார் அல்ல, ரயில்.

1930-ம் வருஷத்துக் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் உல்ஃப் பார்னாட்டோ என்று ஒரு செல்வர் இருந்தார். தகப்பனார் தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் சேர்த்த ஐசுவரியம் அவருக்கு வந்திருந்தது. பெண்ட்லி மோட்டார் கம்பெனியைத் தம் பணத்தால் தாங்கி நின்றவரும் அவர்தான். அந்தக் கம்பெனியின் வண்டியிலேயே பிரான்ஸில் லெ மான் என்னும் இடத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1928, 1929, 1930 ஆகிய மூன்று வருஷங்களிலும் ஜயித்தவரும் அவர்தான். அந்தக் காலத்தில் பிரான்ஸின் தென் கடற்கரையிலிருந்து வடக்கே கலே துறைமுகத்துக்குப் 'புளூ டிரெயின்', அதாவது நீல ரயில் என்ற சொகுசு வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரோவர் கம்பெனியின் மோட்டார் ஒன்று அந்த ரயிலை முந்திவிட்டது என்று அவ்வருஷத் தொடக்கத்தில் பெரிய விளம்பரம் வந்தது. "இது என்ன பிரமாதம்? நீல ரயில் கலேக்குப் போய்ச் சேருவதற்குள் நான் லண்டனுக்கே போய்விடுவேன்" என்ற கருத்தில் பார்னாட்டோ பந்தயம் கட்டினார்.

மார்ச் மாதம் 13-ந் தேதி மாலை, கான் நகரத்திலிருந்து ரயில் புறப்பட்ட அதே நேரத்தில் அவருடைய பெண்ட்லியும் கிளம்பிற்று. ஆறரை லிட்டர் எஞ்சின். ஓட்டுவதில் மாற்றி உதவ ஒரு சிநேகிதர். லியோன் நகரத்தின் அருகே கன மழை பிடித்துக் கொண்டது. நள்ளிரவுக்குப் பின் ஓஸேர் என்ற ஊரில் பெட்ரோலுக்கு முன்னேற்பாடு செய்திருந்த இடத்தைத் தேடுவதில் நேரம் வீணாயிற்று. பாரிஸை நெருங்கும்போது மூடுபனி. அதன் பிறகு டயர் ஒன்று வெடித்தது. இருந்த ஒரே மாற்று டயரை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்கள். காலை பத்தரை மணிக்குப் பூலோன் துறைமுகம். அங்கே கப்பலேறி, இங்கிலாந்துக் கரையில் இறங்கி, மாலை 3 மணி 20 நிமிஷத்துக்கு லண்டனில் தம்முடைய கிளப் வாசலில் வண்டியை நிறுத்தினார். நீல ரயில் கலே ஸ்டேஷனுக்குள் நுழைய அப்போது இன்னும் 4 நிமிஷம் பாக்கி!

இங்கே கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்பது நல்லது. பிரான்ஸுக்குள் அந்த வண்டி போன சராசரி வேகம் மணிக்குச் சுமார் 43 மைல்தான். ரயிலோ வழியெங்கும் நின்று நின்று ஜனங்களை ஏற்றி இறக்கிற்று. பாரிஸில் ஒரு ஸ்டேஷனிலிருந்து மற்றொரு ஸ்டேஷனுக்கு ஊரைச் சுற்றி ஊர்ந்து போயிற்று. அதில் இருந்தவர்கள் எல்லோரும் படுக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார்கள். பார்னாட்டோவும் சிநேகிதரும் இரவெல்லாம் மழையில் கண் விழித்தார்கள். ஜயித்தது யார் என்பதில் நமக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான வாலும் இருக்கிறது. தாழ்ந்த கூரையும் நீண்ட மூக்குமாக, பார்த்தாலே பாய்ந்து வரும் தோற்றமுள்ள ஓர் இரண்டு கதவு பெண்ட்லி நீல ரயிலோடு போட்டி போடுவதாகச் சித்திரம் எழுதினார்கள். உலகமும் பல வருஷ காலம் அதையே நம்பி வந்தது. ஆனால் அந்த அழகிய வண்டி கட்டி முடிந்ததே பந்தயத்துக்கு இரண்டு மாதம் கழித்துத்தான். பார்னாட்டோ உண்மையில் ஓட்டியது பெட்டி போல் நிமிர்ந்து நிற்கும் சாதாரண நாலு கதவு வண்டி. பிரயாணத்தைச் செய்தது ஒன்று, பெயரைத் தட்டிக்கொண்டது இன்னொன்று. இந்த மோட்டார் ஜாதியின் சரித்திரம் முழுவதிலும் இப்படி ஒரு குழப்பம் ஓடிக்கொண்டே இருப்பதை இனி மேலே பார்க்கலாம்.

பெரும் பிரயாணம் என்ற பெயரை மோட்டாருக்குச் சூட்டிப் பிரபலப்படுத்தியவர்கள் இத்தாலியர்கள். அதே 1930-ம் வருஷத்தை ஒட்டி ஆல்ஃபா ரோமியோ கம்பெனியார் தங்கள் ஆறு ஸிலிண்டர் வண்டி ஒன்றுக்குக் 'கிரான் டூரிஸ்மோ' என்று பெயர் வைத்து விற்றார்கள். அந்த வண்டியின் சிருஷ்டிகர்த்தா விட்டோரியோ யானோ. இந்த யானோவே பிற்பாடு லான்சியா கம்பெனிக்குப் போனார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அங்கே அவருடைய மேற்பார்வையில் உருவானதுதான் 'அவுரேலியா'. அந்த வண்டியின் இரண்டு கதவுப் பிரதி 1951-ல் வெளிவந்தது. கிரான் டூரிஸ்மோவுக்கு நாம் மேலே சொன்ன இலக்கணம் முழுவதும் பொருந்தும் முதல் வண்டி இதுவே என்பது நம் அபிப்பிராயம்.

ஏன் என்று சொல்லுகிறோம். அதற்கு முன்பெல்லாம் வேகமான மோட்டார் என்றால் மேலே கூரையிராது. கூரை வைத்தால் பாரம் ஏறும், வேகம் குறையும் என்று எண்ணினார்கள். ஆனால் மணிக்கு எண்பது மைலுக்கு மேல் போகும் வண்டிக்குப் பாரத்தைவிடக் காற்றுத்தான் பெரிய சத்துரு. வழுவழுப்பாக வளைந்த கூரையொன்றைப் போட்டு மூடினால் காற்று தடுமாறாமல் மேலே வழுக்கிப் போய்விடும். உள்ளே இருப்பவருக்கும் பேச்சுக் காதில் விழும். இவ்வாறு சௌகரியமும் வேகமும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்ற பழைய எண்ணம் பொய்யாயிற்று. அடுத்தது எஞ்சின். ஆறு ஸிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் எஞ்சின் நீண்டுவிடும். பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ என்ற எஞ்சினியர், மூன்று மூன்றாக இரண்டு வரிசையாக்கி, விரித்த கத்தரிக்கோல் போல் அவற்றைச் சாய்த்து வைத்தார். தொகை தொகையாகச் செய்து விற்ற மோட்டார்களில் இந்த அமைப்பு வந்தது அதுவே முதல் தடவை. மூன்றாவது, கியர் பெட்டி. எஞ்சினோடு ஒட்டி முன்னால் இருக்க வேண்டிய அதைக் கழற்றிப் பின் சக்கரங்களுக்கு நடுவே கொண்டு போய் வைத்தார்கள். காவடியின் இரு புறமும் பாரம் சமமாக இருந்தால் எடுத்தவன் ஆடுவதும் எளிது, திரும்புவதும் எளிது அல்லவா? வண்டிக்கும் அதே நியாயந்தான்.

அந்த வருஷமே இத்தாலியில் 'மில்லே மில்யா' என்னும் ஆயிரம் மைல் பந்தயம் நடந்தது. பிரெஷியா நகரத்தில் தொடங்கி, ரோமாபுரி வரையில் போய்த் திரும்புவது. வழியெல்லாம் சாதாரண ஜனங்கள் உபயோகிக்கும் ராஜபாட்டை. முதலில் வந்தது நாலு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுள்ள ஃபெராரி. அதற்குச் சுமார் 20 நிமிஷம் கழித்து, மற்றப் பெரிய வண்டிகளையெல்லாம் பின்னே விட்டு, இரண்டாவதாக வந்து நின்றது இரண்டு லிட்டர் அவுரேலியா! கடையில் விற்ற அவுரேலியாவின் சக்தி வெறும் 75 குதிரைகள்.

இங்கிலாந்தில் பெண்ட்லிக்காரர்கள் வேறு வழியில் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். 1952-ல் வந்த அவர்களுடைய 'கான்டினென்டல்' நாலு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 115 மைலுக்கு மேல் போகக் கூடியது. அதை வகுத்தவர்களுக்கு இருந்த பெரிய கவலை எஞ்சின் அல்ல, டயர். கனமான வண்டியை அந்த வேகத்தில் நெடு நேரம் தாங்கும் டயர் அன்று கிடையாது. ஆகவே ஒவ்வொரு ராத்தலாகப் பாரத்தைக் குறைத்தார்கள். உடல் பூராவும் அலுமினியத்திலேயே செய்தார்கள். ஒரு குறையிலிருந்து அழகு பிறந்தது. மொத்தம் 208 வண்டிகளே செய்யப்பட்டன.

1954-ல் ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் கம்பெனியார் நியூயார்க்கில் காட்டிய '300 எஸ். எல்.' உலகத்தையே வாய் பிளக்கச் செய்தது. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பின்னிக் கூண்டு போல் கட்டியதால், பக்கச் சுவர் உயரமாகி, வழக்கமான கதவு வைக்க இடமில்லாமல் போயிற்று. எனவே கதவுகளை மேற்கூரையில் கீல் வைத்துப் பறவை சிறகு விரிப்பதுபோல் திறக்கும்படி செய்தார்கள். ஆகாய விமான எஞ்சின்களில் பழகிய முறைப்படி பெட்ரோலை நேரே ஸிலிண்டருக்குள் பீய்ச்சும் ஏற்பாடும் அதில் இருந்தது. இவ்வளவு இருந்தும், அந்தக் கதவின் ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது. உள்ளே வெப்பம் அடைத்துக் கொள்ளும். ஸ்டியரிங் சக்கரத்தை மடித்துவிட்டு உயர்ந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே விழ வேண்டும். வேஷ்டி கட்டிய நம் போன்றவர்களுக்கு அது உதவாது. அற்புதமான வண்டிதான்; விருந்துக்குப் போகிறவருக்கு ஏற்ற வண்டி என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

இதுவரையில் சொன்னவை சந்தோஷமான விஷயங்கள். இனிச் சொல்ல வேண்டியதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1955-ல் லெ மான் பந்தயத்தில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் சிதறி விழுந்து எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1957 மே மாதம் 12-ந் தேதி, மில்லே மில்யா. பந்தயம் முடியச் சில மைல்களே பாக்கி. குயிதிட்ஸோலோ என்ற சிற்றூருக்கு அருகில் நேரான சாலை. ஊர் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க இரு மருங்கிலும் நின்றார்கள். தடுப்பு வேலி ஏதுமில்லை. ஸ்பெயின் தேசத்துப் பிரபு அல்ஃபோன்ஸோ டி போர்ட்டாகோ ஓட்டி வந்த ஃபெராரியின் டயர் வெடித்தது. வண்டி சுழன்று ஜனங்களின் மேல் பாய்ந்தது. அவரும், உடன் வந்த எட்மண்ட் நெல்ஸனும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் குழந்தைகள்.

தம் வீட்டு வாசலில் நின்று மோட்டார் பார்த்ததைத் தவிர அந்தக் குழந்தைகள் செய்த பாவம் என்ன? வண்டி செய்தவரான என்ஸோ ஃபெராரியின் மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1961-ல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். சட்டத்தின் தீர்ப்பு அப்படி. ஆனால் பொது ஜனங்களின் சாலையைப் பந்தயத் திடலாக்கும் வழக்கம் இத்தாலியில் முடிவுக்கு வந்தது. 1927 முதல் நடந்து வந்த ஆயிரம் மைல் பந்தயம் அதன் பழைய உருவில் மீண்டும் நடக்கவில்லை. அது முப்பது வருஷம் நடந்ததுதான் ஆச்சரியம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்குப் பிறகு மோட்டார் செய்பவர்களின் கவனம் மெல்ல மெல்லத் திசை மாறிற்று. மஸராட்டி கம்பெனியின் கதை இதற்குச் சிறந்த உதாரணம். 1957-ல் ஃபாஞ்சியோ அவர்களுடைய வண்டியில் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். அதே வருஷக் கடைசியில் கம்பெனி, கையில் காசில்லாமல், பந்தயத்தை விட்டே விலகிற்று. அவர்களைக் காப்பாற்றியது அவ்வருஷம் ஜெனீவா கண்காட்சியில் வைத்த '3500 ஜி. டி.' என்ற வண்டி. எஞ்சின் மட்டும் சொந்தப் பந்தய வம்சம். கியர் பெட்டியை ஜெர்மனியிலிருந்தும், பிரேக்கையும் கிளச்சையும் இங்கிலாந்திலிருந்தும் வரவழைத்துக் கொண்டார்கள். இதில் கௌரவக் குறைவு இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. வாங்குகிறவர்கள் வியாபாரிகள், வைத்தியர்கள், சினிமா நடிகர்கள். வண்டி தினந்தோறும் காலையில் கிளம்ப வேண்டும், ரிப்பேருக்கு எந்த ஊரிலும் சாமான் கிடைக்க வேண்டும். அதுவரையில் கை விரல் விட்டு எண்ணும்படி வண்டி செய்து வந்த கம்பெனி, ஏழு வருஷத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் விற்றது.

பிரான்ஸில் அத்தகைய வண்டி செய்தவர் ஜான் டானினோஸ். 'ஃபஸேல் வேகா' என்று அதற்குப் பெயர். பிரஞ்சு உடல், அமெரிக்க எஞ்சின். பெரும் பணக்காரர்களும் கலைஞர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். 1960 ஜனவரி 4-ந் தேதி அந்த வண்டி ஒன்று தெற்கேயிருந்து பாரிஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிரான்ஸின் பழைய ராஜபாட்டைகளில் இரு புறமும் பிளேன் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். வெயிலுக்கு நிழல், மோட்டாருக்கு யமன். வீல்பிளெவன் என்ற ஊருக்கு அருகே அந்த வண்டி சாலையை விட்டு விலகி மரத்தில் மோதிற்று. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் ஆல்பேர் காம்யு. 1957-ல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர், வயது 46. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. ஓட்டி வந்த பதிப்பாளர் மிஷேல் கலிமார் சில நாட்களுக்குள் இறந்தார்.

காம்யுவின் சட்டைப் பையில் பாரிஸுக்கு வாங்கிய ரயில் டிக்கெட் ஒன்று உபயோகிக்கப்படாமலே இருந்தது. குடும்பத்தாரோடு ரயிலில் போவதாகத்தான் முதலில் ஏற்பாடு. சிநேகிதர் அழைத்ததற்கு இணங்கி மோட்டாரில் ஏறினார். பார்னாட்டோவின் பந்தயத்துக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, பிரான்ஸின் அதே தெற்கு வடக்குப் பிரயாணத்தில், ரயிலை விட்டு மோட்டாரை நம்பினவர் ஒருவருக்கு நேர்ந்த கதி இது. மோட்டார் விளம்பரங்களில் நீல ரயில் கதையைத்தான் எழுதுவார்கள். இந்த டிக்கெட்டின் கதையை எழுதமாட்டார்கள்.

ஆயினும் நல்ல பிரயாணமும் நடந்தது. 1961 மார்ச் மாதம் ஜெனீவாவில் ஜாகுவார் கம்பெனி தன் 'ஈ டைப்' வண்டியைக் காட்டிற்று. அதன் உருவத்தைக் கணக்குப் போட்டு வகுத்த மால்கம் ஸேயர், விமானத் தொழிலிலிருந்து வந்தவர். மணிக்கு 150 மைல் போகும் என்று சொன்ன அந்த வண்டியின் விலை, இங்கிலாந்தின் மற்றோர் உயர்ந்த வண்டியான ஆஸ்டன் மார்ட்டினில் ஏறக்குறையப் பாதி. ஓட்டிப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். இருந்த வண்டி போதவில்லை. உடனே இன்னொன்றைக் கொண்டு வரும்படி கவென்ட்ரி நகரத்திலிருந்த தொழிற்சாலைக்குத் தகவல் பறந்தது. நார்மன் டியூயிஸ் என்ற பரீட்சை ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு அன்று மாலையே கிளம்பினார். கடலைத் தாண்டி, பிரான்ஸ் முழுவதையும் இரவோடு இரவாகக் கடந்து, மறு நாள் காலை கண்காட்சியில் கொண்டு வந்து நிறுத்தினார். வந்தவுடன் வேலையும் பார்த்தார். இலக்கணத்துக்கு ஏற்ற இலக்கியம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்!

அறுபதுகளில் இந்த வண்டிகளுக்குப் பொற்காலம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் செய்து கொண்டிருந்த ஃபெருச்சியோ லம்போர்கினி இந்தத் தொழிலில் புகுந்தது அப்போதுதான். ஃபெராரி 1962 முதல் '250 ஜி. டி. ஓ.' என்ற பந்தய வண்டியை 36 மட்டும் செய்தார். அவற்றில் ஒன்று 2018-ல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த விலை கொடுத்தவர் அதில் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போவாரா என்று கேட்பது அசட்டுத்தனம். 1964-ல் அமெரிக்காவில் பாண்டியாக் கம்பெனியார் அதே 'ஜி. டி. ஓ.' எழுத்துக்களைக் கூசாமல் எடுத்துத் தங்கள் வண்டிக்கு வைத்துக் கொண்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? சாதாரணக் குடும்ப வண்டியில் கொஞ்சம் எஞ்சின் சக்தியைக் கூட்டி, பின்னால் 'ஜி. டி.' என்று ஒட்டிவிடுவது உலக வழக்கமாயிற்று. பெயர் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. நம் ஊர்த் தெருக்களில் பார்க்கும் எழுத்துக்களும் அந்தக் கடைச் சரக்குத்தான்.

பெயர் மலிந்த அதே சமயத்தில், பெயருக்கு முழுத் தகுதியுள்ள வண்டி ஒன்றும் வந்தது. 1970-ல் பிரான்ஸின் சித்ரோவன் கம்பெனி வெளியிட்ட 'எஸ். எம்.' தான் அது. மஸராட்டியை விலைக்கு வாங்கியிருந்த சித்ரோவன், அவர்களைக் கொண்டே ஆறு ஸிலிண்டர் எஞ்சின் ஒன்று செய்வித்தது. பெரிய எஞ்சினுக்குப் பிரஞ்சு சர்க்கார் விதித்த வரிக்குப் பயந்து 2.7 லிட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். வில் சுருளுக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் அடைத்த உருண்டைகள் வண்டியைத் தாங்கின. பள்ளம் மேடு தெரியாது. ஸ்டியரிங்கை விட்டால் தானே நடு நிலைக்கு வந்து நிற்கும். ராத்திரியில் சக்கரம் திரும்பும் பக்கம் விளக்கும் திரும்பிப் பார்க்கும். இரண்டு பேரும் பெட்டிகளும் மணிக்கு 220 கிலோ மீட்டர் வேகத்தில், சோபாவில் உட்கார்ந்த நிலையில், தேசத்தைக் கடக்கலாம். அதே 1970-ல் பாரிஸிலிருந்து மார்ஸேய் வரையிலான நெடுஞ்சாலையும் முழுவதும் திறக்கப்பட்டது. வண்டியும் தயார், பாதையும் தயார்.

பிரயாணத்துக்கு நாள் பார்த்தவர்கள்தான் தவறிவிட்டார்கள். 1973-ல் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டு, எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறிற்று. இங்கிலாந்து 1965-லேயே மணிக்கு 70 மைல் என்று வரம்பு கட்டியிருந்தது. 1974-ல் அமெரிக்கா 55 மைல் என்றது. பிரான்ஸ் தன் நெடுஞ்சாலைகளில் 130 கிலோ மீட்டர் என்று நிர்ணயித்தது. 220 போகும் வண்டியும் 130-தான் போகலாம். சின்னஞ்சிறு வண்டியும் ஏறக்குறைய அவ்வளவு போகும். சித்ரோவன் கடனில் மூழ்கிப் பிஜோ கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1975-ல் எஸ். எம். நிறுத்தப்பட்டது. செய்தவை 13,000-க்கும் குறைவு. அந்த வரம்புகளின் மேல் நமக்கு மனக்குறை ஏதும் இல்லை. பிளேன் மரங்களுக்கு அடியில் மாண்டவர்களை எண்ணினால் யாருக்கும் இராது. ஆனாலும் ஒரு நல்ல வேலைக்காரன், வேலை இல்லாமற் போன அன்றைக்கு வந்து சேர்ந்தான் என்ற வருத்தம் மட்டும் உண்டு.

ஜெர்மனியில் மட்டும் வரம்பில்லாத சாலைப் பகுதிகள் இன்னும் நிலைத்திருக்கின்றன. அந்த தேசத்துப் போர்ஷ் கம்பெனியார் 1977-ல் '928' என்ற உண்மையான பெரும் பிரயாண வண்டியைச் செய்தார்கள். மறு வருஷத்துக்கு ஐரோப்பாவின் சிறந்த வண்டி என்ற விருதும் பெற்றார்கள். அவர்களுடைய பழைய 911-க்கு அது வாரிசாகும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர் விரோதம்: வாரிசு 1995-ல் மறைந்தது, கிழவனோ இன்றும் விற்பனையாகிறான். வேகமான வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பிரயாணம் அல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இதற்கிடையில், தோற்றுப்போன ரயில் சும்மா இருந்ததா? 1981-ல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பிரஞ்சுக்காரர்கள் அதிவேக ரயில் விட்டார்கள். 2001-ல் அந்தப் பாதை மார்ஸேய் வரையில் நீண்டது. ஏறக்குறைய 750 கிலோ மீட்டர் தூரம் மூன்று மணி நேரம். 1994-ல் கடலுக்கு அடியே சுரங்கப் பாதை திறந்து, இன்று பாரிஸிலிருந்து லண்டனுக்கு இரண்டே கால் மணியில் போகலாம். பார்னாட்டோ தம் ஆறரை லிட்டர் எஞ்சினோடு இரவு முழுவதும் மழையில் போராடிக் கடந்த தூரத்தை, இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் புஸ்தகம் படித்துக்கொண்டே கடந்துவிடுகிறார். வரம்பை மீறினாலன்றி எந்த மோட்டாரும் இந்த ரயிலை ஜயிக்க முடியாது.

விசித்திரம் என்னவென்றால், வேலை குறையக் குறைய வண்டி கொழுத்துக்கொண்டே போயிற்று. 2003-ல் பெண்ட்லி கம்பெனி 'கான்டினென்டல் ஜி. டி.' என்று பழைய பெயரைப் புதுப்பித்தது. 12 ஸிலிண்டர், நாலு சக்கரங்களுக்கும் இழுவை, 550 குதிரை சக்தி. எடை 2,300 கிலோவுக்கு மேல். டயருக்குப் பயந்து ராத்தல் ராத்தலாய் இளைத்த 1952-ம் வருஷத்து வண்டி சுமார் 1,700 கிலோதான். இப்போது டயர் எந்தப் பாரத்தையும் தாங்குகிறது. ஆகையால் யாரும் இளைக்க வேண்டியதில்லை. அந்த 12 ஸிலிண்டர் எஞ்சின் உற்பத்தியும் 2024-ல் நின்று போயிற்று.

கடைசியாக, மின்சாரம். மஸராட்டி கம்பெனி 2023-ல் வெளியிட்ட 'கிரான்டூரிஸ்மோ ஃபோல்கோரே' என்ற வண்டியில் எஞ்சினே கிடையாது. மூன்று மின்சார மோட்டார்கள் 750-க்கு மேற்பட்ட குதிரை சக்தியைத் தருகின்றன. சத்தமில்லை, அதிர்வில்லை, கியர் மாற்றும் தொல்லையில்லை. களைப்பில்லாமல் போய் இறங்குவதுதான் நோக்கம் என்றால் யானோ கனவிலும் காணாத வசதி. ஒரே ஒரு விஷயம். பாட்டரியை முழுவதும் நிரப்பினால், கம்பெனியின் கணக்குப்படி, போகக் கூடியது சுமார் 450 கிலோ மீட்டர். மார்ஸேயில் விடியற்காலை புறப்பட்டால், பாரிஸ் போய்ச் சேரும் முன் எங்கேயாவது ஓரிடத்தில் வண்டியை மின்சாரக் கம்பத்தில் கட்டிவிட்டு, சிற்றுண்டிச் சாலையில் காப்பிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள், அதே காலையில் புறப்பட்ட ரயில் பாரிஸை அடைந்து, பிரயாணிகளை இறக்கிவிட்டு, மறுபடி தெற்கே திரும்பத் தயாராக நின்றுகொண்டிருக்கும்.